தம்பியின் மூக்கில் எடுத்த என் பரிசோதனை

வாளறைக்கு மேலே காட்டுச் சாலையில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக அடிமாலியை நோக்கி ஏறி நடந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. காலையில் தின்ற இட்லியின் சட்னி ருசி கூட நாக்கில் இருந்தது. ஆனால் சட்டைப் பையில் கிடந்த போனுக்குள் நான் நோயாளி. என் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகப் போட்டு, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒலியெழுப்பியபோது நான் தேவைக்கு மேலேயே ஓரம் ஒதுங்கினேன். இல்லாத நோய்க்கு உடம்பு எப்படி மரியாதை கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் ஆலுவா போகும் பஸ்ஸில் இருந்தேன். மறுநாள் புதன்கிழமை நண்பகலில் கொச்சியிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம். அடிமாலி தாண்டியதும் லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பஸ் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரைப் போட்டேன். அது என் முட்டாள்தனம். "முத்துப்பாண்டி அல்லே? ரிசல்ட் வந்நு. பாசிட்டீவாணு" என்று அவள் சொன்னது எனக்கு முன்னால் பஸ்ஸுக்குக் கேட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் குடையைக்கூட எடுக்காமல் எழுந்து போனார். கண்டக்டர் தூரத்தில் நின்றே விசிலடித்தார். "சேட்டா, இறங்ஙணம். வேறெ வழியில்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். மீதிப் பணத்தை ஒரு தாளில் சுருட்டி என் பக்கம் வீசினார். நான் இறங்கினேன்.

விசயம் இதுதான். அந்தப் பரிசோதனைக்கு மூக்கைக் கொடுத்தவன் நானில்லை. என் தம்பி செல்லப்பாண்டி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

ஸோஹாரில் ஹாலோபிளாக் போடும் ஒரு கம்பெனியில் எனக்கு ஒன்பது வருட வேலை. இரண்டு மாத விடுப்பில் வந்தவன், கொரோனாவால் விமானங்கள் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டேன். சும்மா இருக்க எனக்கு எப்போதும் வராது. ஆனைக்கரையில் ஏலத் தோட்டத்தில் களை எடுக்கப் போய், அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கிவிட்டேன். அங்கே ஒழுகும் என்பதால் பாஸ்போர்ட்டைச் சின்னக்கானலில் தம்பியின் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். என் பத்தாக்கா, அதாவது ஓமானில் நமக்குத் தருகிற அடையாள அட்டை, அந்தப் புதன்கிழமையோடு முடிகிறது. ஒரு தடவை நீட்டித் தந்துவிட்டார்கள், இனி இல்லை. அன்றைக்குள் அந்த நாட்டுக்குள் கால் வைக்காவிட்டால் வேலை போயிற்று. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை வேண்டும். ஞாயிறு லேப் கிடையாது. செவ்வாய் கொடுத்தால் முடிவு வந்து சேராது. திங்கள் ஒரு நாள்தான்.

அந்தத் திங்களன்று காற்றும் மழையும். உடும்பஞ்சோலைக்கு இப்பால் சாலையில் மூன்று மரங்கள் விழுந்து கிடந்தன. ஜீப்புக்குள் இருந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீ ஏன் பதறுதே? பாஸ்போர்ட்டு எங்கிட்டத்தானே கெடக்கு. நான் மூணாறு போயி குடுத்துட்டு வாரேன்."

"ஏலே, அதுல என் போட்டோல்லா இருக்கு."

"ஒம்பது வருசத்துக்கு முந்தின போட்டோ. அது நீயுமில்ல, நானுமில்ல. மாஸ்க்கப் போட்டா எவன் கண்டான்? குச்சிய மூக்குல விடப்போறான், உள்ளார போயி பேரா பாக்கப் போறான்?"

நான் சிரித்துவிட்டேன். சரி என்றும் சொல்லிவிட்டேன். வெளியாட்கள் இதைக் கேட்டால் மோசடி என்பார்கள். எனக்கு அப்போது அந்தச் சொல்லே தோன்றவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது தோன்றாது.

எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெயர் என்பது காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிடப்படுவது. பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். பெயரைக் கூப்பிடும்போது யாராவது ஒருவர் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தி அம்மா பெயரில் கொழுந்து கிள்ளுவாள். சித்திக்குப் பிள்ளை பிறந்த மாதம் அம்மா அவள் கூடையைத் தூக்கினாள். சூப்பர்வைசருக்குத் தெரியும். நிரை முடிந்தால் போதும் என்று பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுவார். எங்கள் மலையில் பெயர் ஒரு கூடை. முடிந்தவர் தூக்குவார்கள். தம்பி எனக்காக மூணாறு போன அந்தத் திங்களன்று கூட அவன் பெயருக்குப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மாமா நின்றார். அந்த ஒரு நாளுக்கே முதுகு பிடித்து அவர் படுத்துவிட்டார்.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எனக்குத் தெரிந்ததே எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் சுற்றத் தொடங்கிய பிறகுதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதியில் ஒரு தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உடம்பு முடியாமல், கூடத் தங்கியிருந்தவனை அனுப்பினேன். மாலையில் தோட்டக்காரம்மா நான் படுத்திருந்த கொட்டகைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, உங்களத்தான வரச் சொன்னனுங்க? வேறொருத்தரு வந்து முத்துப்பாண்டீங்கறாரு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா?" திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டினார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. தண்ணீர் பாய்ந்ததா இல்லையா?

ஓமானில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பெயர் விரல் நுனியில் இருக்கிறது. பிளாக் கம்பெனி வாசலில் விரலை வைத்தால்தான் கதவு திறக்கும். சிமெண்டில் ரேகை தேய்ந்து போன ஒரு பீகார்க்காரர் தினமும் காலையில் விரலைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து வைப்பார். இயந்திரம் அவரை அவரில்லை என்று சொல்லும். இவர் அவரேதான் என்று நாங்கள் பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் அது கேட்காது. ஒன்பது வருடம் அந்த வாசலில் நின்றும், மலைக்கு வந்த ஆறே மாதத்தில் எனக்கு அந்தப் பாடம் மறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, ஆலுவா பஸ் பூப்பாறையில் நின்றபோது தம்பி ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டினான். நீட்டும்போதே இருமினான். "என்னலே?" என்றேன். "நேத்து மழையில நனைஞ்சுட்டேன். பெரட்டுக்கு ஓடணும். நீ போயிச் சேந்ததும் பேசு" என்றான். பஸ் கிளம்பிவிட்டது. அந்த இருமலைத்தான் நான் ஏறிக்கொண்டிருந்த ஏற்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நடக்கும்போதே இரண்டு போன்கள் வந்தன. முதலாவது ஸோஹாரிலிருந்து அர்பாப், என் முதலாளி. அவருக்கும் எனக்கும் பொதுவாக நாற்பது சொற்கள்தான் உண்டு.

"முத்து, வேர் யூ?"

"அர்பாப், மீ நோ சிக். பேப்பர் சிக்."

அவர் பெருமூச்சு விட்டார். "பேப்பர் சிக், யூ சிக். டுமாரோ நோ கம், கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்.

இரண்டாவது, எங்கள் வார்டில் வீடு வீடாகச் சுகாதாரம் பார்க்கும் ஆஷா ஊழியர். எல்லோரும் ஆஷா சேச்சி என்போம். மலையாளமும் தமிழுமாகப் பேசுவார். "முத்துப்பாண்டி, வேற ரூமில் தன்னெ இருக்கணும், கேட்டோ? வெளியே இறங்கக்கூடாது." இருக்கிறேன் சேச்சி என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. "ரூமுக்குள்ளே லாரி ஓடுந்நுண்டோ?" என்று கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். சேச்சி, அது என் மூக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன். அப்படியென்றால் யாருடைய மூக்கு?

தம்பி டெம்பரவரி ஆள். அம்மா வேலையிலிருந்து நின்று, போடியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீடு அம்மாவின் வேலைக்குத் தந்த வீடு. குடும்பத்தில் ஒருவன் பெர்மனண்ட் ஆனால்தான் அது நிற்கும், இல்லாவிட்டால் பூட்டை ஒப்படைக்கவேண்டும். அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் தம்பியின் பெயர் விழுந்தால் அவனை எடுத்துக்கொள்வதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இன்னும் எட்டு நாள் பாக்கி. அவனுக்கு நோய் என்றால் பதினேழு நாள் அடைப்பு. ஆள் மாறி மூக்கு கொடுத்தான் என்றால் வழக்கு, பிறகு எந்த ஆபீசும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு விமானம். சொல்லாவிட்டால் அவனுக்கு வீடு. அடிமாலி வரை இதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

அடிமாலியில் ஒரு காய்கறி லாரியின் பின்னால் வெறும் கூடைகளோடு ஏறி, மாலையில் லயத்துக்கு வந்தேன். தம்பி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். வாசலிலேயே நின்றேன்.

"சொல்லிரு அண்ணே" என்றான், நான் வாய் திறக்கும் முன்பே. "கொச்சியில ஆறு மணி நேரத்துல சோதிச்சுத் தாராங்களாம். உள்ளதச் சொல்லிட்டு, உம் மூக்கக் குடுத்து ஏறிப் போயிரு. எனக்கு என்ன வேணாலும் ஆவட்டும்."

"வீடு?"

"வீடு கெடக்கு. ரெண்டு ரூம்பு, ஒரு அடுப்பு. பெரிய அரமண."

"அம்மா எங்க வந்து படுப்பா?"

அவன் இருமினான். கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு இருமினான், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக்கூடாது என்று.

அந்த நேரத்தில்தான் ஆஷா சேச்சி வந்தார். நான் நோயாளியாக வாசலில் நின்றேன். நோயாளி உள்ளே அறைக்குள் மூச்சை அடக்கிக் கிடந்தான். சேச்சி ஒரு பிளாஸ்டிக் கவரைப் படிக்கல்லில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றார். மாத்திரைகளும், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற சின்னக் கருவியும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் உடனே விளிக்கணும் என்றார். "தம்பி எவிடெ?"

"நான் வர்றதுக்கு முந்தியே வெறகுக் கொட்டகைக்குப் போயிட்டான் சேச்சி."

"நன்னாயி. அவனைப் பக்கத்தில் வர விடக்கூடாது. பாவம், ஜோலி உள்ளதல்லே." அவர் என்னை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார். "நினக்குக் காய்ச்சல் முகமே இல்லையே முத்துப்பாண்டி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

தம்பி தன் விரலில் அதை மாட்டினான். தொண்ணூற்றாறு. என் பெயரில் அந்த எண்ணை அனுப்பினேன். பிறகு விறகுக் கொட்டகைக்குப் போய்ப் படுத்தேன்.

என்னிடம் நோய் இல்லை என்று யார் சொன்னார்கள்? ஜன்னலில் அவன் இருமியபோது என் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பதினோராம் நாள் என் மூக்கிலேயே எடுத்துப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் பெரட்டுக்குப் போனேன். அதை நியாயப்படுத்த என்னிடம் சொல் இல்லை. இரண்டு மாஸ்க் போட்டேன், யாரிடமிருந்தும் தள்ளி நின்றேன் என்பதைத் தவிர.

விடிந்ததும் தம்பியின் பூட்ஸ், தம்பியின் தொப்பி, இடுப்பில் அவன் கட்டுகிற பிளாஸ்டிக் படுதா. பெரட்டுக் களத்தில் ஆட்கள் தூரம் தூரமாக நின்றார்கள். சூப்பர்வைசர் தேவசகாயம் எங்கள் இருவரையும் அரைக்கால் சட்டைப் பருவத்திலிருந்து அறிந்தவர். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்.

"செல்லப்பாண்டி."

"இருக்கேன்."

பேனா நின்றது. என் காலைப் பார்த்தார், நான் நிற்கிற விதத்தைப் பார்த்தார். "ஒங்க அண்ணனுக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

"ரூம்புக்குள்ளதான் இருக்கான் சார். தொண்ணூத்தாறு."

"வெளிய வரச் சொல்லாத" என்று கோடு போட்டார். எனக்குக் கவாத்து வேலை விழுந்தது, செடியை இடுப்பளவுக்கு வெட்டி விடுவது. மேட்டு நிரை, தனியாக. நான் கத்தியை எடுத்துத் திரும்பும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "ஒந் தம்பி நொட்டாங்கைக்காரன்லே. மேனேசரு பத்து மணிக்கு ஜீப்புல வருவாரு."

நிரைக்குப் போகும் வழியில் போன் அடித்தது. "முத்துப்பாண்டி, அகத்து தன்னெ அல்லே?"

"அகத்துதான் சேச்சி."

"எத்ரயா இன்னு?"

தம்பி அனுப்பியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். "தொண்ணூத்தஞ்சு."

போனை உள்ளே வைத்தேன். கத்தியின் கைப்பிடி அவன் கைக்குத் தேய்ந்து, என் வலது கையில் உட்காராமல் நழுவியது. இடது கைக்கு மாற்றினேன். முதல் செடி கோணலாக விழுந்தது. இரண்டாவதும்தான். பத்து மணிக்குள் பழகிவிடவேண்டும் என்று மூன்றாவது செடிக்குக் குனிந்தேன்.