கரையைக் கேட்டுக் கதை

ரெஜினா அக்கா இறந்த செய்தி எனக்கு ரெலிபோனில்தான் வந்தது. அவரின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கோல் எடுத்துச் சொன்னாள். நான் தலைமன்னார் மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில், செட்டுக்கு முன்னால் இருந்தேன். கடலில் நிற்கிற வள்ளங்களுக்குச் சொல்லவேண்டுமே என்று கை தானாகப் பொத்தானுக்குப் போனது. "வேண்டாம் மாமா," என்றாள் பிள்ளை. "எல்லாரும் கரைக்கு வந்தாப் பிறகு சொல்லட்டாம். தன்ரை சாவுக்கெண்டு சனலை மறிக்கவேண்டாமெண்டு அம்மா சொல்லிப்போட்டுத்தான் போனவ."

கடலுக்குப் போகிற பலருக்கு அவரின் முகம் தெரியாது, இந்த அறையிலிருந்து செட்டில் வருகிற குரல்தான் தெரியும். கரகரத்த, அவசரப்படாத குரல். அதில் அவருக்குக் கர்வமும் இருந்தது. கோயிலில் வாசகம் வாசிக்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்று ஒரு திருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர். அவரோடு ஒரே அறையில் வேலை செய்வது லேசான காரியமில்லை.

எங்களுக்கு இருப்பது ஒரு சனல், ஒரே அலைவரிசை. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்கலாம். இரண்டு பேர் பொத்தானை அமத்தினால் பலமான செட் வெல்லும், மற்றது வெறும் இரைச்சல். கடலில் நிற்கிறவனுக்குப் பக்கத்து வள்ளம் கேட்கும், தூரத்து வள்ளம் கேட்காது. உயர்ந்த அன்ரனா வைத்திருக்கிற எங்களுக்கு எல்லாம் கேட்கும். அதனால் அக்கா ஒரு முறை வைத்திருந்தார். "கரை, சனல் சும்மா இருக்கோ?" என்று முதலில் கேட்கவேண்டும். ஓம் என்றால் கதைக்கலாம். ஒருவன் முடித்தபின் ஓர் அருள் நிறைந்த மரியே செபம் மனதுக்குள் சொல்கிற அளவுக்கு எல்லாரும் வாய்மூடி இருக்கவேண்டும். வலுக்குறைந்த செட்டோடு ஆபத்தில் நிற்கிறவன் கூப்பிட அந்த இடைவெளி. எருக்கலம்பிட்டி முஸ்லிம் வள்ளக்காரர் அந்த நேரத்தில் சலவாத்துச் சொல்வார்கள். "ஆர் எதைச் சொன்னாலும் வாய் மூடியிருந்தாச் சரி," என்பார் அக்கா.

பிறகு வந்தது அந்தச் சுற்றுலாக் கம்பனி. மணல்திட்டுகளுக்கு வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறவர்கள். அவர்களும் எங்கள் சனலில் கதைக்கத் தொடங்கினார்கள். சங்கத்தில் எல்லாரும் கொதித்தபோது அக்காதான் தடுத்தார். "காத்து என்ரை அப்பன்ரை சொத்தில்லை. கேட்டுக் கதைச்சா அவங்களும் கதைக்கட்டும்." அவரே நடந்துபோய் முறையைச் சொல்லிக் கொடுத்தார். சில கிழமை கேட்டார்கள். பிறகு, கேட்பது அவர்களுக்குக் கௌரவக் குறைவாகிவிட்டது.

எங்கள் சங்கத்து மீனவன் சூசையின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது அந்த நாட்களில்தான். தான் நிற்கிற இடத்தைச் சொல்ல வாய் திறந்தான். "கரை" என்ற சொல் மட்டும் வந்தது. அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தது கம்பனிக்காரனின் குரல். நண்டுக் கறியா, இறால் பொரியலா, வெள்ளைக்காரருக்கு உறைப்பைக் குறைக்கட்டுமா. எங்களாலும் குறுக்கே பேசமுடியாது, பேசினால் சூசை இன்னும் அமுங்குவான். அக்கா மைக்கைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அவர்கள் சாப்பாட்டைத் தீர்மானித்து முடிக்கையில் சூசையின் பற்றரி செத்துவிட்டது. நீரோட்டம் அவனை இந்தியக் கரைக்குக் கொண்டுபோனது. எல்லை தாண்டியவன் என்று அங்கே பிடித்து மறியல் வீட்டில் அடைத்தார்கள். அவன் திரும்பி வரும்வரை அவன் மனைவி எங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

அக்கா கம்பனிக் கந்தோருக்குப் போனார், நானும் கூடப் போனேன். கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். மனேச்சர் சிரித்துக்கொண்டு சொன்னான்: "நாங்கள் காதுகுடுத்துக் கேட்டுப் பாத்தனாங்கள் அக்கா. சனல் அமைதியாத்தான் இருந்தது."

"அமைதியா இருந்தது நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததாலை," என்றார் அக்கா. "உங்களுக்குக் கேக்கேல்லை எண்டா அங்கை ஆளில்லை எண்டில்லை."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தார்.

அவர் இறந்த அன்றைக்கே அந்த மனேச்சரின் சிரிப்பையும்விட மோசமானதைப் பார்த்தேன். பிள்ளையின் ரெலிபோனை வைத்துக் கொஞ்ச நேரமில்லை, சனலில் அந்த மனேச்சரின் குரல். எப்படியோ கேள்விப்பட்டுவிட்டான். அனுதாபம் தெரிவிக்கிறானாம். கடலின் காவல் தெய்வம், எங்கள் கம்பனியின் வழிகாட்டி என்று எழுதி வைத்து வாசித்தான். எந்தச் சனலை மறிக்கவேண்டாம் என்று மனிசி சாகும்போதும் சொன்னாரோ, அதே சனலை அவர் பெயராலேயே மறித்தான். சீ, என்ன பிறவிகள்.

அவன் நிறுத்தியதும் தூஷணத்தால் திட்ட மைக்கை எடுத்தேன். ஆனால் அந்த அறையில் பழகிய வாய், பொத்தானை அமத்துவதற்கு முன்னே தானாகச் செபத்தைத் தொடங்கிவிட்டது. பாதி சொல்லவில்லை, ஒரு மெல்லிய குரல்: "கரை, எஞ்சின் நிண்டுபோச்சு, தண்ணி ஏறுது. எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்." கம்பனியின் சொந்தப் படகு. தங்கள் மனேச்சரின் அனுதாபத்துக்கு அடியில் கிடந்து கத்தியிருக்கிறார்கள். கிட்ட நின்றது, விடுதலையாகி வந்து மறுபடி கடலுக்குப் போகிற சூசை. சொன்னேன். மறுபேச்சில்லாமல் போய்க் கட்டியிழுத்து வந்தான்.

மனேச்சர் செத்தவீட்டுக்குப் பெரிய மலர்வளையத்தோடு வந்தான். சூசையைக் கடந்துதான் உள்ளே போனான், நன்றி என்று ஒரு வார்த்தையில்லை.

ஓர் அருள் நிறைந்த மரியே நீளத்துக்கு வாயை மூடியிருப்பது. ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அவர் போனபின் அது முதலில் காப்பாற்றியது கம்பனிக்காரரைத்தான் என்று நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அக்கா இருந்திருந்தால், "ஆரின்ரை வள்ளமெண்டு பாத்தே அந்த முறையை வைச்சனாங்கள்?" என்று என் மேல்தான் பாய்ந்திருப்பார். இன்று காலையும் கம்பனிக்காரன் ஒருவன் கேட்காமல் பொத்தானை அமத்திப் பகல் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தான். அவன் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு செபத்தைத் தொடங்கினேன்.