பழுதே இல்லாத கொம்பிரசர்

பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, வாழைச்சேனையில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு முதலாளி கூப்பிட்டார்.

"மெக்கானிக் தினம் காலையில ஐஸ் உறைய வைக்கிற கொம்பிரசர நிப்பாட்டிப் போட்டு அங்க இங்க தடவிப் பாக்கிறான். மீன்பிடி போட்டுக்காரங்க ஐசுக்குக் காத்து நிக்கிறாங்க. எத்தின நாளைக்கு ஒருக்காப் பாத்தாக் காணும் எண்டு கணக்குப் போட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார்.

தடவிப் பார்க்கிற மெக்கானிக் பக்கத்து ஊரான ஓட்டமாவடிக்காரர். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். எட்டு வருடம் கட்டார் நாட்டில் வேலைக்குக் கிடந்துவிட்டு ஊருக்கு வந்தவர். வந்த அன்று மகள் தன்னைக் கண்டு பயந்து உம்மாவின் பின்னால் ஒளிந்த கதையை என்னிடமே சொல்லியிருக்கிறார். "இந்த வேல இரிக்கும்வரைக்கும் நான் இனிக் கட்டாருக்குப் போகமாட்டன் சேர்" என்பார். அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணிதத்தில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு. பழுது தென்படத் தொடங்கும் நாளுக்கும் இயந்திரம் படுத்துவிடும் நாளுக்கும் இடையில் ஓர் அவகாசம் இருக்கும். அதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். அந்த அவகாசத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கின் பதிவுப் புத்தகத்தை வாங்கினேன். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஒரே சொல்: "சரி". அடேயப்பா, இயந்திரமா தெய்வமா! அரை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று விடை வந்தது. வண்ண வரைபடங்களோடு அறிக்கை கொடுத்தேன். முதலாளி படத்தை மட்டும் பார்த்தார். அடுத்த மாதமே மெக்கானிக்கை நிறுத்திவிட்டார். எனக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு வேலையும் உட்காரச் சுழல் கதிரையும் வந்தது.

அவர் போன ஏழாவது வாரம் கொம்பிரசர் பெரிய சத்தம் போட்டுப் படுத்துவிட்டது. மீனோடு வந்து ஐஸ் இல்லாமல் நின்ற போட்டுக்காரர்கள் என் படிப்பைப் பற்றிப் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. "போய் அவனக் கூட்டிக்கொண்டு வாடா" என்றார் முதலாளி. தம்பியும் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது.

மெக்கானிக்கின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "ஒரு நாளும் பழுதாகாத மெசின் எப்படி உடைஞ்ச?" என்று கேட்டேன்.

"பழுதாகல்ல எண்டு ஆர் சொன்ன?"

"நீங்கதானே சரி எண்டு எழுதியிருக்கிறீங்க!"

"ஓம், சரிப்பண்ணிட்டன் எண்டு எழுதின. ஒருநாள் பெல்ட், ஒருநாள் ஒயில் ஒழுக்கு. சும்மா இரிந்த நாளே இல்ல சேர். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

புத்தகத்தைக் கேட்டு வாங்கிய நான் ஆளைக் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலாளி உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறார், வாங்க என்றேன்.

"பிந்திட்டு சேர். கட்டார் விசா வந்து கையெழுத்தும் வெச்சிட்டன். இண்டைக்குப் பின்னேரம் பயணம்."

உள்ளே அவருடைய மகள் பயணப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். எழும்பச் சொல்லி உம்மா இழுத்தும் எழும்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாப்பாவ அனுப்புற ஆள் நீங்களா?"

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்று நினைத்துவிட்டாள். ஆனால் அவள் போட்ட கணக்கில் பிழை இல்லை.