கால் வெட்டிய படம்

“அண்ணே, புள்ளையோட கால் எங்கே?”

ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய காலம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பிரேம் கடையில் நின்று இப்படிக் கேட்டவர் ரயில்வே குவாட்டர்ஸ் செல்லம்மா. அவர் கொடுத்திருந்தது ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையின் அட்டை. வெறுங்காலோடு எம்பி நின்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் ஒரு சிறுமி. அந்த நாட்டு அம்மாள் ஒருவர் வரைந்தது. ரெடி சைஸ் பிரேமுக்குள் அடங்கவில்லை என்று அடியில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டேன். முருகன் படமானாலும் ஓரம் வெட்டுவது எங்கள் வழக்கம்தான். அதுவரை யாரும் கேட்டதில்லை.

“முகம் முழுசா இருக்கே லா. காலுக்கு என்னம்மா இப்போ?”

“எம்மவளுக்குக் காய்ச்சல்ல ஒரு கால் விழுந்துபோச்சு. டாக்டர் நிக்கப் பழகச் சொல்றாரு. இந்தப் புள்ளையப் பாத்துத்தான் தினம் சுவத்தப் புடிச்சு எம்புறா. நீங்க காலையே வெட்டிட்டீங்களே!”

வெட்டிய துண்டு குப்பையோடு எரிந்தாயிற்று. “வேற ஒண்ணு கொண்டாந்து தரேன்” என்று வாயை விட்டேன்.

அங்கே பிடித்தது சனி. மளிகைக் கடைகளுக்குப் பொட்டலம் கட்ட மூட்டை மூட்டையாய் வரும் பழைய பேப்பரில் அந்த அட்டையும் வந்திருந்தது. வந்து பல வருடம். ஆனாலும் காப்பிக் கடை, சலூன், எங்கே பார்த்தாலும் அவள்தான் எம்பிக்கொண்டு நிற்கிறாள். கேட்டால் ஒருத்தரும் தரமாட்டேன் என்கிறார்கள்! ரயிலேறிக் கிள்ளானுக்கே போனேன். அங்கே ஒரு தையல்காரர் மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தார்.

“முருகன் படம், கண்ணாடி போட்டே தரேன். இதக் குடுங்கண்ணே.”

“முருகனையும் மாட்டுவோம். இவ இங்கதான் இருப்பா. கவுன் தைக்க வர்ற சீனப் பொண்ணுங்க எல்லாம் இவளக் காட்டி, இதே மாதிரி வேணும்னுதான் கேக்குறாங்க. போங்க, வேலயப் பாருங்க.”

வீட்டுக்கு வந்து மனைவி ருக்மணியிடம் கத்தினேன். “வெறும் பேப்பரு! அதுல என்னதான் இருக்கோ, ஒருத்தனும் விடமாட்டேங்கிறான்!”

அவள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்பக்கம் அதே படம், கால் முழுதாக.

“எப்பருந்து இது?”

“ஆறு வருஷமா. பிரேம் போட்டுத் தாங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ‘குப்பைக்கெல்லாம் சட்டமா’ன்னீங்க.”

செல்லம்மா மகளைப் பற்றிச் சொன்னேன். ருக்மணி ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, ஓரம் கிழியாமல் படத்தைத் தானே உரித்தெடுத்தாள். என் கையில் தரவில்லை.

“நானும் கடைக்கு வரேன். உங்கள நம்ப முடியாது.”

மறுநாள் படத்தின் அளவுக்குப் புதிதாகச் சட்டம் அறுத்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். செல்லம்மா வாங்கியதும் முதலில் காலைத்தான் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, கத்தியை எடுக்குமுன், “இந்தப் படத்துல உங்களுக்கு எது முக்கியம்?” என்று கேளுங்கள். நான் அதை முதலில் என் வீட்டில் கேட்டிருக்க வேண்டும்.