நிறைந்தபடியே வந்த தண்ணீர்ப் போத்தல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் பெக்கான் நானாஸில் என் மகளை முதலாம் ஆண்டில் சேர்த்த சமயத்தில் நடந்தது இது. கேளுங்கள் பிள்ளைகளே, அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கைவிரல்களில் பலம் குறைவு. பேச்சும் மெதுவாகத்தான் வரும். அதனால் தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்தோம்.

நான் அன்னாசி லோரி ஓட்டுகிறவன். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான் படிப்பு. சேர்க்கும் நாளில் டீச்சர் நிரப்ப வேண்டிய பாரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தானே சாப்பிடுவாளா? கழிவறைக்குத் தானே போவாளா? முடியாது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எல்லாவற்றுக்கும் "செய்வா டீச்சர், செய்வா" என்றேன். மலாய் மொழியில் இருந்த அந்தப் பாரத்தை வாசிக்காமலே கையெழுத்தும் போட்டேன்.

அதன்பிறகு தினமும் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பியது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். திட்டியும் பார்த்தேன். ஒரு நாள் காய்ச்சல் வந்தது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர்.

பள்ளி வாசலில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அதே வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாரத்துல என்னா எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"இல்லம்மா, சைன் மட்டும் போட்டேன்."

"லோரி வாங்கறப்ப உரிமைப் பத்திரம், அந்தக் கிராண்ட்டை வாசிக்காம சைன் போடுவீங்களா? அலமாக்! அந்தப் பாரம் நம்ம பிள்ளைக்குன்னு தனியா போடற திட்டம்ணே. சிறப்புக் கல்விக்குன்னு விதிமுறை இருக்கு. பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். போய்க் கேளுங்க லா."

மறுவாரம் லீவு போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன். பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். உதவி தேவையில்லை என்று வரிசையாக இருந்தது. எல்லாம் நான் சொன்னதுதான்.

அப்போதும் எனக்கு அதே பயம். "எல்லாம் செய்வா டீச்சர், கொஞ்சம்தான்..." என்று இழுத்தேன்.

"இல்ல டீச்சர்," என்றாள் மகள். "அப்பாவுக்குத் தெரியாது. கழிவறைத் தாழ்ப்பாள்... எனக்குத் திறக்க வரல. ஒரு நாளு மணி அடிக்கிற வரைக்கும் உள்ளயே நின்னேன். தண்ணி குடிச்சா மறுபடியும் போவணும்ல?"

டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"அப்பாதான் எல்லாம் செய்வேன்னு சொன்னாரே."

நான் அந்தப் பாரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதன்பிறகு அவளால் முடியாததை ஒவ்வொன்றாக நானே சொன்னேன். சட்டைப் பொத்தான், போத்தல் மூடி, தாழ்ப்பாள். டீச்சர் எழுதிக்கொண்டார். ஓய்வு நேரத்தில் வகுப்பு உதவியாளர் அவளுடன் கழிவறைக்குப் போவார், கதவுக்கு வெளியே நிற்பார் என்று புதுத் திட்டத்தில் சேர்த்தார். புரியாத மலாய்ச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டு முழுவதும் வாசித்துவிட்டுத்தான் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டேன். என் மகளும் பேனாவைக் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே தன் பெயரைக் கோணலாக எழுதினாள்.

இப்போது அவள் நான்காம் ஆண்டு. தினமும் அவள் பையை வாங்கியதும் முதலில் போத்தலைத்தான் தூக்கிப் பார்க்கிறேன். அது லேசாக இருந்தால், முடியாததை முடியாது என்று அன்றைக்குச் சொன்ன அவளுடைய தைரியம்தான் என் நினைவுக்கு வருகிறது.