எலிவால் கோடு

மெர்வின் டாகெட் எந்தச் சைக்கிளையும் நேராக வைத்துப் பார்த்ததில்லை. யார் எந்தத் துருப்பிடித்த ஃபிரேமைக் கொண்டுவந்தாலும் முதலில் அதைக் கவிழ்க்கச் சொல்வார். பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் எண்ணைக் கட்டைவிரலால் தடவுவார். பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தோள்பட்டையை, பிறகு பின்சக்கரம் மாட்டுகிற இடத்தை. கடைசியாக மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்வார். முகர்ந்து அப்படி என்னதான் தெரிந்துகொள்கிறார் என்பது அவர் மனைவி க்ளெனிசுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை.

"முப்பத்தாறாம் வருஷத்துது. அதுக்கு அப்புறம் இல்ல," என்பார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கூரம்பா என்ற அந்தச் சின்ன ஊரிலும், பென்டிகோ வரைக்கும் சுற்றுப்பட்டிலும், பழைய சைக்கிள் விஷயத்தில் அவர் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது. மறுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லை என்பது ஒரு காரணம். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பது இன்னொரு காரணம்.

நகரசபையில் சாலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. சைக்கிள் ஏறிப் பல வருஷம் ஆகிறது. அதனால் என்ன? கொட்டகை நிறைய சைக்கிள், வராந்தாவில் சைக்கிள், விருந்தினர் அறைக் கட்டில்மேல் சைக்கிள். க்ளெனிசின் தங்கை வந்தால் ஊர் ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிறாள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய வேதம்தான் பொறுக்க முடியாதது. பழைய பெயிண்டைத் தொடக்கூடாது. தொட்டவன் கொலைகாரன். துரு இருக்கட்டும், கீறல் இருக்கட்டும், சிலந்தி வலைகூட இருக்கட்டும். அசல் அசலாக இருக்கவேண்டும். ஊர்ப் பழைய சைக்கிள் சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே நீதிபதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஈஸ்டர் சனிக்கிழமை கண்காட்சி மைதானத்தில் நடக்கும் சந்திப்பில் 'தொடாத பழசு' என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு நீல ரிப்பன் கட்டுகிற உரிமை டாகெட்டுக்கு மட்டும்தான். நாற்காலி என்றால் நிஜமாகவே நாற்காலி. மடக்குகிற கித்தான் நாற்காலி. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் வந்து நின்று இருமுவார்.

லிண்ட்ஸே ப்ரூம் என்றொருவர் உண்டு. பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், கைவேலை சுத்தம். ஒரு வருஷம் முழுக்கச் செலவழித்து ஒரு சைக்கிளைச் சுரண்டி, தேய்த்து, கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். டாகெட் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லார் எதிரிலும், "லிண்ட்ஸே, இது சைக்கிள் இல்ல, பொறந்தநாள் கேக்கு. மெழுகுவத்தி எங்கே?" என்றார். மைதானமே சிரித்தது. லிண்ட்ஸேயும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

டாகெட்டின் பெருமைக்கெல்லாம் உச்சம் ட்ரெகியர். எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் கூரம்பா கடைத்தெருவில் பந்தய சைக்கிள் கட்டி விற்ற மனிதர். கடை எரிந்தது, மனிதர் போய்ச் சேர்ந்தார், ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஆகவே ட்ரெகியரைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் டாகெட் சொன்னதுதான். கரும்பச்சை பெயிண்ட், அதன்மேல் கையால் இழுத்த வெண்ணெய் நிறக் கோடு, கோட்டின் முடிவில் எலிவால் மாதிரி மெலிந்து வலப்பக்கம் ஒரு சுழி. அந்தச் சுழி இருந்தால் ட்ரெகியர். இதுவரை இரண்டு கிடைத்திருந்தன. ஒன்று சங்கத் தலைவர் வாலஸ் பிம்மிடம். அதை அவர் நகரமண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இன்னொன்றை லிண்ட்ஸே, டாகெட்டின் வாய்ச்சொல்லை நம்பி, ஒரு நல்ல கார் விலைக்கு வாங்கியிருந்தார்.

மூன்றாவது இந்த வருஷம் கிடைத்தது. ஒரு பண்ணை ஏலத்தில், புல்வெளியில் வரிசையாகப் பரப்பியிருந்த பழைய கலப்பை, பால்கேன், உடைந்த கோழிக்கூண்டுக்கு நடுவில். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் உத்தரத்தில் பல வருஷம் தொங்கியிருக்கிறது. ஆட்டுக் கொழுப்பு, தூசி, புறா எச்சம் எல்லாம் ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தது. டாகெட் கவிழ்த்தார், தடவினார், முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. எச்சத்தினாலா, உணர்ச்சியினாலா என்று க்ளெனிஸ் கேட்கவில்லை.

சைக்கிள் சாப்பாட்டு அறைக்கு வந்தது. துடைக்கக்கூடாது என்று உத்தரவு. மூன்று நாள் அவர்கள் ஆட்டு வாடையோடு சாப்பிட்டார்கள். நாலாம் நாள் காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து, எச்சம் உதிர்ந்திருந்த ஓரிடத்தில் விழுந்தது. க்ளெனிஸ் கையில் டோஸ்ட்டோடு அப்படியே நின்றாள். அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். சமையலறை அலமாரிக்கு உள்பக்கம் அடித்த பச்சை. கல்யாணமான புதிதில், கடைக்காரன் யாரோ தப்பாகக் கலந்துவிட்டான் என்று மலிவாகக் கிடைத்த பெரிய டின்.

அந்த நாளில் டாகெட்டுக்கு வேதம் எதுவும் கிடையாது. குப்பைமேட்டில் கிடக்கிற ஃபிரேம்களைப் பொறுக்கி வந்து, சுரண்டி, அதே பச்சையை அடித்து, கோடு இழுத்து, பொங்குகிற சந்தோஷத்தோடு சர்ச் சந்தையில் விற்பார். அடுப்புச் செலவுக்கு உதவிற்று. மிஞ்சிய பெயிண்டில் ஒரு ரொட்டிப் பெட்டி செய்து, மூடியைச் சுற்றிக் கோடு போட்டு, அவள் கையில் கொடுத்து, "உனக்கு" என்றார். அப்புறம்தான் சங்கத்தில் சேர்ந்தார். ஒரு தடவைகூட நான் பிரஷைத் தொட்டதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. அந்தப் பெட்டி இன்றும் அடுப்பங்கரை மேடையில்தான் இருக்கிறது. ஆனால் சக்கரமில்லாத சாமான் எதுவும் அவர் கண்ணில் படாது.

"மெர்வ், இந்தப் பச்சைய நல்லா பாத்தியா?" என்றாள் க்ளெனிஸ்.

"மூணு நாளா வேற என்ன பாக்குறேன்?"

"இது நம்ம அலமாரிப் பச்சை மாதிரி இல்ல?"

டாகெட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "க்ளென், உனக்கு ஸ்கோன் தெரியும், ஜாம் தெரியும். பெயிண்ட் தெரியாது. இது முப்பத்தி நாலுல ட்ரெகியர் தானே கலந்து அடிச்சது. அலமாரிங்கிறா!"

"அந்தக் கோடு..."

"அந்தக் கோட்டப் பத்தி நான் சொல்றேன், நீ கேளு," என்று ஆரம்பித்தார். க்ளெனிஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். உண்மையிலேயே அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி இந்தக் கிழவன் பாடு, சைக்கிள் பாடு என்று விட்டுவிட்டாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சங்கக் கூட்டத்தில் லிண்ட்ஸே, "பெயிண்ட் கொஞ்சம் புதுசா தெரியுதே மெர்வ்," என்று லேசாகக் கிள்ளிவிட்டார். டாகெட்டுக்குக் காது சிவந்துவிட்டது. "ட்ரெகியருக்கு அப்புறம் இதுல ஒரே ஒரு பிரஷ் பட்டிருந்தாக்கூட நான் நாற்காலிய விட்டு எறங்குறேன். நீயே உக்காந்துக்க," என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார். அந்த நாற்காலி போனால் அவருக்கு முழங்கால் வலியைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. அது க்ளெனிசுக்குத் தெரியும்.

ஈஸ்டர் சனிக்கிழமை. கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கோட்டும் முழங்கால்வரைக் காலுறையும் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி, பெரிய மனிதர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஓட்டினால் டயர் தேய்ந்துவிடும். தகட்டில் சாசேஜ் வெந்தது. க்ளெனிஸ் வருஷாவருஷம் போல டீ பாய்லர் பக்கத்தில் நின்றாள். ரொட்டிப் பெட்டி நிறைய அவள் சுட்ட ஸ்கோன், அந்தக் குட்டி ரொட்டிகள்; மேலே துண்டு. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத் தின்னாத ஆள் சங்கத்தில் இல்லை. பெட்டியைப் பார்த்த ஆளும் இல்லை.

டாகெட் ட்ரெகியர் சைக்கிளை ஒரு மேசைமேல் ஏற்றி நிறுத்தி, சொற்பொழிவைத் தொடங்கினார். ஃபோர்க்கைப் பற்றிச் சொன்னார், எச்சத்தைப் பற்றிச் சொன்னார், கடைசியில் கோட்டுக்கு வந்தார்.

"பாருங்க. ஒரே மூச்சுல இழுத்தது. எங்கயும் நிக்கல, எங்கயும் நடுங்கல. இப்படி முடிக்கணும்னா அந்தக் கைக்குள்ள ஒரு சந்தோஷம் இருக்கணும். இன்னைக்கு உசுரோட இருக்குற ஒருத்தனாலயும் இந்தக் கோட்டப் போட முடியாது. இவன் மகான்!"

க்ளெனிஸ் அதைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தோஷமான கையை அவளுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய், மேசைமேல், சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். துண்டை உருவி, மூடியைத் திறந்தாள்.

"ஸ்கோன் ஆறிடும். எடுத்துக்கோங்க," என்றாள்.

முதலில் பார்த்தது லிண்ட்ஸே. எடுத்த ஸ்கோன் வாய்க்கு வரும் வழியில் நின்றுவிட்டது. பெட்டி மூடியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். அதே பச்சை. அதே கோடு. முடிவில் அதே எலிவால், அதே வலப்பக்கச் சுழி.

"க்ளெனிஸ், இந்தப் பொட்டிய யார் செஞ்சது?" என்றார், தேன் ஒழுக.

"எங்க வீட்டுக்காரர். கல்யாணமான மறுவருஷம்."

லிண்ட்ஸேயின் முகத்தில், எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த அந்தப் பிறந்தநாள் கேக், மெழுகுவத்தி ஏற்றி வந்துவிட்டது. "மகான், மகான்னு சொன்னியே மெர்வ்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். தன் வீட்டுக் கூடத்தில் ஒரு கார் விலைக்கு நிற்கிற ட்ரெகியரும், அதன் எலிவாலும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. திரும்பி வாலஸ் பிம்மைப் பார்த்தார். வாலஸ் ஏற்கெனவே நகரமண்டபக் கண்ணாடிப் பெட்டியை நினைத்து வெளிறிப்போயிருந்தார்.

டாகெட் யாரையும் பார்க்கவில்லை. அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், கவிழ்த்தார். ஸ்கோன் எல்லாம் புல்லில் உருண்டது. அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்தார். இந்தத் தடவை அவர் என்ன முகர்ந்தார் என்று க்ளெனிசுக்குத் தெரியும்: கூரை ஒழுகுகிற சின்ன வீடு, டர்பன்டைன், அலமாரிக் கதவு காய்வதற்காகத் திறந்து வைத்த ஜன்னல்.

வாலஸ் தொண்டையைச் செருமினார். "ட்ரெகியர் வீட்டுச் சாமானுக்கும் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருப்பார் போல. இல்லயா லிண்ட்ஸே?"

"கண்டிப்பா. அந்தக் காலத்துல எல்லாரும் அடிச்சிருக்காங்க," என்றார் லிண்ட்ஸே, அதைவிட வேகமாக. "ரொட்டிப் பொட்டி! ரொம்ப அபூர்வம்."

கயிறு வீசியாயிற்று. பிடித்துக்கொண்டு ஏறினால் போதும். பேரும் பத்திரம், நாற்காலியும் பத்திரம். க்ளெனிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றார் டாகெட். "இத நான்தான் போட்டேன். அதையும் நான்தான் போட்டேன். உங்க ரெண்டு பேருதும்கூட என்னுதுதான்."

அவர் உண்மைக்காகச் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா, அல்லது தானே அவ்வளவு நேரம் புகழ்ந்த கோட்டை இன்னொருவன் பேருக்கு விட மனசில்லாமல் சொன்னாரா என்பது க்ளெனிசுக்கு இன்றுவரை தெரியாது.

"மெர்வ், வெயில் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் உக்காரு," என்றார் வாலஸ்.

"யோவ், நான் சொல்றேன்யா! நான் போட்ட கோடு எனக்குத் தெரியாதா?"

லிண்ட்ஸேக்கு மூளை கூர்மை. காரிலிருந்து ஒரு சின்ன டின்னும் மெல்லிய பிரஷும் கொண்டுவந்தார். ஒரு பலகைத் துண்டை மேசையில் வைத்தார். "அப்படீன்னா போட்டுக் காட்டு மெர்வ். ஒரே ஒரு கோடு."

டாகெட் பிரஷை வாங்கினார். மூச்சைப் பிடித்தார். இழுத்தார். முதல் சாணிலேயே கை ஆடியது. நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. கடைசியில் சுழி வரவில்லை, தடித்து, அப்பியது. பார்த்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

லிண்ட்ஸே பலகையைத் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார். பிறகு, டாகெட்டின் குரலிலேயே, "இது அந்தக் கை இல்ல," என்றார். டாகெட்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஆசை யாருக்குத்தான் இல்ல? பரவால்ல விடு." கைதட்டினார்கள். நீல ரிப்பனை வாலஸே சைக்கிளில் கட்டினார். யாரோ டாகெட்டைக் கித்தான் நாற்காலியில் அலுங்காமல் உட்காரவைத்து, கையில் தண்ணீர் கொடுத்தார்கள். ரொட்டிப் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்தார்கள்.

க்ளெனிஸ் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

"ஐயோ, அதுல கை வைக்காதீங்க!" என்றார் வாலஸ்.

"நகரு. என் பொட்டி," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். பெட்டி அவர் மடியில். பின்னால் சைக்கிள், ரிப்பனோடு ஆடிக்கொண்டு வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு க்ளெனிஸ் கைக்குட்டையை எச்சில் தொட்டு, மூடியில் ஒட்டியிருந்த ஜாமைத் துடைக்கப் போனாள். அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"தொடைக்காத க்ளென். அசல் பெயிண்ட்."

"யாரோடது?"

"என்னுது," என்றார் டாகெட்.

"தெரியும்," என்றாள் க்ளெனிஸ். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கேட் திறக்கும்வரை ஜாம் அப்படியே இருந்தது.