கிரான்பர்ன் பனிமூட்டமும் என் பிரம்பும்

2009 ஜூலை, ஒரு சனிக்கிழமை. கிரெய்கிபர்னில் காலை ஐந்தே முக்காலுக்கு ரயில் ஏறி, நகரத்தில் மாறி, கிரான்பர்னில் இறங்கும்போது எட்டு மணியாகிவிட்டது. மெல்பேர்னின் வடக்கு அந்தத்திலிருந்து தென்கிழக்கு அந்தத்துக்கு, ஐம்பத்திரண்டு வயதில், பிலிப்பைன்ஸ்காரரின் பிரம்புச் சண்டை படிக்கப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? என் மனைவி சிரிக்கவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன், வேலை முடிந்து எங்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்தபோது, பின்னால் வந்த ஒருவன் என்னை அடித்து விழுத்திவிட்டுப் பையோடு ஓடினான். முகத்தை நான் பார்க்கவேயில்லை. காலடிச் சத்தம் மட்டும் காதில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து மனைவிதான் காரில் வந்து, பள்ளிப் பிள்ளையைப் போல என்னை ஏற்றிப் போகிறாள்.

"திங்கள் தொடங்கி எனக்கு ஈவினிங் ஷிப்ட். இனி நீங்கள் நடந்துதான் வரவேணும்," என்றாள்.

"ஓம், நடப்பன்," என்றேன். அன்றிரவே இந்தப் பிரம்பு வகுப்பைத் தேடிப் பிடித்தேன்.

கிரான்பர்னில் ஒரே பனிமூட்டம். வகுப்பு நடக்கும் மண்டபம் ஸ்டேஷனிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் தூரம். வீதியில் ஆளும் இல்லை, நாயும் இல்லை. பாதி வழியில், எங்கிருந்தோ டக், டக், டக் என்று சத்தம். நான் நின்றேன், அது நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போனபோது மண்டபத்தின் கதவு வந்தது.

உள்ளே பன்னிரண்டு பேர் சோடி சோடியாக நின்று பிரம்போடு பிரம்பை மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயிலும் சொல் இல்லை. பிரம்பு பேசும்போது மனிதர் பேசக்கூடாதென்பது ஆசிரியர் நெஸ்தோரின் சட்டம். அந்த மௌனம் எனக்குக் குளிரைவிடக் கூடுதலாக உறைத்தது. பதினைந்து டொலர் கட்டணம் கொடுத்துவிட்டு நானும் நின்றேன்.

எனக்குச் சோடி கிறிஸ்டினா, மலேசியத் தமிழ் நர்ஸ். தொடங்கமுன் காதோடு சொன்னாள்: "அங்கிள், என் மூஞ்சியப் பார்க்காதீங்க, கையப் பாருங்க. அடிக்கிற கைய அடிச்சிட்டா போதும், ஓடிறலாம்."

ஒன்றரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது. வீட்டில் பழக நெஸ்தோர் ஒரு பிரம்பை உறையோடு தந்தார். வீதியில் உறையை விட்டு எடுக்கவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். தலையை ஆட்டினேன். முதல் திருப்பத்திலேயே எடுத்துவிட்டேன்.

பனி இன்னும் விலகவில்லை. முன்னால் காலடிச் சத்தம். துணைக்கு ஆள் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு நடையைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது. நான் இன்னும் வேகமாக நடக்க, அது ஓடத் தொடங்கியது. ஓடும்போது யாரோ விம்மிய மாதிரி இருந்தது.

ஓடிய ஆளை ஸ்டேஷனில் கண்டேன். பிளாட்போமின் கடைசியில் மாணவி போன்ற ஓர் இந்தியப் பெண். பழக்க தோஷம், அவள் கையைத்தான் பார்த்தேன். விரல்களுக்கிடையே வீட்டுச் சாவி, குத்த ஆயத்தமாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் என் கையிலிருந்த பிரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதேங்கோ பிள்ளை," என்று ஓரடி வைத்தேன். அவள் இரண்டடி பின்வாங்கினாள். தமிழ் தெரியாதவளோ என்னவோ. எனக்கு வெட்கமாக இருந்தது. பிரம்பை உறையில் போட்டு, ரயில் வந்ததும் அவள் ஏறியதற்கு மற்ற அந்தத்துப் பெட்டியில் ஏறினேன்.

திங்கட்கிழமை மாலை கிரெய்கிபர்னில் இறங்கி நடந்தேன். பிரம்பு வீட்டில் இருந்தது. முன்னால் ஒரு பெண் தனியே போனாள். நான் நின்றுவிட்டேன். அவள் தன் வாசலில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது: வழி நெடுக நான் ஒரு தரமும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.