கழராத பைண்டிங்

மகளின் வகுப்பைப் பள்ளிக்கூடத்தால் பனிமலையில் சறுக்கி ஸ்கீ விளையாடக் கூட்டிப்போன வருடம் அது. பலகைகளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் என் கணவர் கோடையிலேயே பக்கத்து ஊரான பிக்கரிங்கில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் ஒரு சோடிப் பலகையும் சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தார். சப்பாத்தைப் பலகையோடு கவ்விப் பிடிக்கிற பைண்டிங் தனியாக ஒரு பையில் கிடந்தது. கடையில் கொடுத்துப் பலகையில் பூட்டுங்கள் என்று விற்றவர் சொன்னாராம். நாலு ஸ்குரூ பூட்டக் கடையோ என்று இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

போவதற்கு முதல் நாள், குசினி அலுமாரி பூட்டும் வேலை செய்கிற நண்பர் டிரில்லோடு வந்தார். பேஸ்மென்டில் பலகையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடிப்பக்கம் துளைத்துவிடாதபடி டிரில் நுனியில் டேப் சுற்றி அளவு வைத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. ஆனால் எங்கள் மூவரில் ஒருவரும் ஸ்கீ செய்ததில்லை. பஸ் தரிப்பில் பனியில் வழுக்கி விழுந்ததோடு சரி.

பைண்டிங்கில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் இலக்கங்கள் தெரிந்தன. ஸ்குரூவைத் திருப்பினால் இலக்கம் கூடியது.

"உது இறுக்கிற அளவு அண்ணை. கூட்டி விடுங்கோ. கழண்டால் பிள்ளை ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்" என்றார் நண்பர்.

இவர் கடைசி இலக்கம் வரை திருப்பினார். பிறகு மகளைக் கார்ப்பெட்டில் பலகையோடு நிற்கவைத்து இழுத்துப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டு சோபாவில் விழுந்தாள். சப்பாத்து அசையவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் காலை மகள் பள்ளிக்கூடத்துக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், மகள் பலகையோடு போனதைக் கண்டதாகச் சொன்னார். கணவரே பூட்டினார், நல்ல இறுக்கம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, கையைப் பொத்திக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கூரையில் தொங்கிய ஒரு பனிக்குச்சியை ஒடித்தெடுத்து, ஒரு முனையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வளைத்தார். அது முறிந்தது. பிறகு தன் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். விழும்போது சப்பாத்து தானாகவே கழர வேண்டும், இல்லாவிட்டால் கால்தான் முறியும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். மகள், ஸ்கீ, டைட் என்பதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. ஆபீஸில் போனை எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள். பஸ் போய்விட்டது, பின்னேரம் வரும் என்றாள். கணவரின் பக்டரிக்கு எடுக்க நினைத்தேன். அவர் அங்கிருந்து என்ன செய்வார்? தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன், நிற்பாட்டினேன். மறுபடி வைத்தேன்.

பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே பள்ளிக்கூட வேலியடியில் போய் நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகள் கடைசியாக வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். நேராக நடந்து வந்தாள்.

ஸ்கீ விளையாடும் இடத்தில் பலகைகளைச் சோதிப்பவர் அவளுடைய சப்பாத்தைக் கையால் அடித்துப் பார்த்தாராம். கழரவில்லை என்றதும் பலகையை வாங்கி வைத்துவிட்டாராம். அவளுடைய அளவில் வாடகைப் பலகையும் சப்பாத்தும் முடிந்துவிட்டனவாம். நாள் முழுக்க உள்ளே கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பாட்ட சொல்லாதேங்கோ அம்மா. ப்ளீஸ்."

கணவர் வேலையால் வந்து, ஜக்கெற்றைக் கழற்றாமலே கேட்டார்.

"எப்பிடி, எங்கையாவது கழண்டதோ?"

"இல்லையப்பா. கழரவே இல்லை" என்றாள் மகள்.

"பாத்தீரே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நண்பருக்குச் சொல்லப் போனை எடுத்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக் கறியைக் கிண்டினேன்.